பெயரறிந்து காப்போம்: இலங்கையின் ஈரூடகவாழிகளும் ஊர்வனவும்



மாரி காலத்தில் முதல் மழை பெய்த இரவில் உங்கள் வீட்டைச் சுற்றித் தவளைகள் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். எத்தனை வகைத் தவளைகள் கத்தின என்று யாராவது உங்களிடம் கேட்டால் என்ன விடை கூறுவீர்கள்? நம்மில் பலருக்கு எல்லாம் "தவளை"தான். பாம்பைக் கண்டாலும் அப்படியே. நஞ்சுள்ளதா இல்லையா என்று பார்க்கும் முன்பே தடியைத் தேடுகிறோம்.

உயிர்ப்பல்வகைமை என்னும் பாட அலகில் ஈரூடகவாழிகளும் ஊர்வனவும் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. ஆயினும் இவ்விரு வகுப்புகளிலும் இலங்கை உலகின் கவனத்தைப் பெற்ற நாடாகும். அதிலே பெருமைப்பட ஒரு காரணமும் வருந்த ஒரு காரணமும் உண்டு. இக்கட்டுரையில் அவ்விரண்டையும் பார்ப்போம். வாசிக்கும்போது ஒரு கருத்தை மனதில் இருத்திக் கொள்ளுங்கள்: ஓர் உயிரினம் உண்டு என்பதையே அறியாவிட்டால் அதனைப் பாதுகாக்க முடியாது. ஆகவே ஆய்வு பாதுகாப்பின் முதற்படியாகும்.

1. இரு வகுப்புகளையும் வேறுபடுத்தி அறிதல்

ஈரூடகவாழிகள், ஊர்வன ஆகிய இரண்டும் முள்ளந்தண்டுளிகளாகும். இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஆராயும் விலங்கியற் பிரிவு ஒன்று உண்டு. இரு வகுப்பின் அங்கிகளும் தமது உடல் வெப்பநிலைக்குப் பெரும்பாலும் சூழலையே நம்பியிருப்பதும், ஒரே வாழிடத்தில் ஒரே முறைகளால் தேடப்படுவதும் இதற்குக் காரணங்களாகும். ஆனால் உடலமைப்பில் முக்கியமான வேறுபாடுகள் உள்ளன.

தோல்: ஈரூடகவாழிகளின் தோல் மெல்லியது, ஈரலிப்பானது, சுரப்பிகள் கொண்டது. வெளியே தெரியும் செதில்கள் இல்லை. ஊர்வனவின் தோல் உலர்ந்தது. கெரற்றின் என்னும் புரதத்தாலான செதில்களால் மூடப்பட்டது.

சுவாசம்: தவளையின் வாற்பேய் பூக்களால் சுவாசிக்கும். நிறையுடலி நுரையீரல்களாலும் ஈரமான தோலாலும் சுவாசிக்கும். ஊர்வன நுரையீரல்களால் சுவாசிக்கும்.

இதயம்: ஈரூடகவாழிகளில் இரண்டு சோணையறைகளும் ஓர் இதயவறையும் உண்டு. பெரும்பாலான ஊர்வனவில் இதயவறை முற்றாகப் பிரிக்கப்படவில்லை. முதலையில் மட்டும் நான்கு அறைகள் உண்டு.

இனப்பெருக்கம்: பெரும்பாலான தவளைகளில் கருக்கட்டல் உடலுக்கு வெளியே நிகழும். முட்டைகள் ஓடற்றவை, கூழ் போன்ற பொருளால் சூழப்பட்டவை. ஊர்வனவில் கருக்கட்டல் உடலுக்கு உள்ளே நிகழும். முட்டைக்கு ஓடு உண்டு.

இந்த வேறுபாடுகளை மனனம் செய்தால் மட்டும் போதாது. அவற்றின் விளைவையும் விளங்கிக் கொள்ள வேண்டும். மெல்லிய ஈரத்தோல் நீரையும் வாயுக்களையும் உள்ளே விடுவது போலவே பீடைநாசினியையும் உள்ளே விடும். ஆகவே சூழல் மாசடையும்போது முதலில் பாதிக்கப்படும் விலங்குகளில் தவளையும் ஒன்று. சூழலின் நிலையைக் காட்டும் "காட்டி அங்கி" என்று தவளையைக் கூறுவது இதனாலேயே. மறுபுறம், செதிலும் ஓட்டு முட்டையும் ஊர்வனவுக்கு உலர்ந்த நிலத்தைத் திறந்துவிட்டன. மன்னாரின் மணற்பாங்கான வெளியிலும் சுருட்டை விரியன் வாழ முடிவது இதனாலேயாகும்.

2. இலங்கையில் உள்ளவை எவை?

ஈரூடகவாழிகளில் மூன்று வருணங்கள் உள்ளன. அவை தவளைகளும் தேரைகளும் அடங்கிய வாலற்றவை, சலமந்தர் போன்ற வாலுள்ளவை, மண்புழுவைப் போன்ற தோற்றமுள்ள காலற்றவை என்பனவாகும். இலங்கையில் சலமந்தர்கள் இல்லை. மற்ற இரண்டும் உண்டு. காலற்ற ஈரூடகவாழியைத் தோட்டத்து ஈரமண்ணில் கண்டால் பலர் பாம்புக் குட்டி என்றோ பெரிய மண்புழு என்றோ நினைத்துவிடுவர். அதன் தாய் தன் முட்டைகளைச் சுற்றி உடலை வளைத்துக் காவல் காக்கும். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் இரு ஆய்வாளர்கள் 1880களில் இலங்கைக்கு வந்து இவ்விலங்கின் வளர்ச்சியை விரிவாக ஆராய்ந்தனர்.

இன்று இலங்கையில் ஏறத்தாழ 120 ஈரூடகவாழி இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றுள் பத்தில் ஒன்பது அளவிலானவை இந்நாட்டுக்கே உரியவை. அதாவது உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதவை. இவற்றுட் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலயத்திலும் மத்திய மலைநாட்டிலும் காணப்படுகின்றன. சிங்கராஜ வனம், சிவனொளிபாத மலைச்சாரல், நக்கிள்ஸ் மலைத்தொடர், ஹோர்ட்டன் சமவெளி என்பன முக்கியமான இடங்கள்.

ஊர்வனவில் 200க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் அரைப்பங்கிற்கு மேற்பட்டவை இந்நாட்டுக்கே உரியவை. முதலைகளில் இரண்டு இனங்கள் உள்ளன. குளங்களிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் முதலை ஒன்று, களப்புகளிலும் கழிமுகங்களிலும் வாழும் உவர்நீர் முதலை மற்றொன்று. உலகிலுள்ள ஏழு கடலாமை இனங்களில் ஐந்து நமது கடற்கரைகளில் முட்டையிடுகின்றன. அவை பச்சை ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஒலிவ் நிற ஆமை, தோல்முதுகாமை என்பனவாகும். தென்கரையிலுள்ள ரெக்காவ கடலாமைகள் முட்டையிடுவதற்குப் பெயர்பெற்ற இடமாகும். உலர்வலயப் பற்றைக்காடுகளில் நட்சத்திர ஆமை வாழ்கின்றது. ஈரவலயக் காடுகளில் மூக்கின் மேல் புடைப்புள்ள ஒருவகை ஓணான் வாழ்கின்றது. அதன் சாதியில் அது ஒன்றே இனம். அச்சாதியும் இலங்கைக்கே உரியது. மூக்கு நுனியில் கொம்பு போன்ற உறுப்புடைய கொம்பு ஓணான்களும் இலங்கைக்கே உரியவை. அவற்றுள் ஓர் இனம் நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டுமே வாழ்கின்றது.

3. வாற்பேய் இல்லாத தவளை

தவளையின் வாழ்க்கை வட்டத்தை எழுதச் சொன்னால் முட்டை, வாற்பேய், இளந்தவளை, நிறையுடலி என்று எழுதுவீர்கள். அது சரியானதே. எனினும் இலங்கைத் தவளைகளில் பெரும்பங்கு இந்த வரிசையைப் பின்பற்றுவதில்லை!

நமது காடுகளில் பற்றைத் தவளைகள் என்னும் கூட்டம் உண்டு. இவற்றின் சாதிப்பெயர் சூடோபிலோட்டஸ் என்பதாகும். இவற்றுட் பல, பெருவிரல் நுனியளவே ஆனவை. இவை குளத்திலோ ஓடையிலோ முட்டையிடுவதில்லை. பெரும்பாலான இனங்கள் ஈரமண்ணில் சிறு குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். சில இனங்கள் இலையின் கீழ்ப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டும். வாற்பேய்ப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்துவிடுகின்றது. வெளிவருவது நான்கு கால்களுள்ள சின்னஞ்சிறு தவளை. இதனை நேரடி விருத்தி என்பர்.

இதனால் நன்மையும் தீமையும் உண்டு. நீர்நிலை தேவையில்லை என்பதால் மலைச்சரிவுகள் எங்கும் இவை பரவ முடிந்தது. மலைக்கு மலை பிரிந்து, நீண்ட காலத்தில் பல இனங்களாகக் கூர்ப்படைந்தன. ஆனால் முட்டை உலர்ந்துவிடாமல் இருக்கக் காட்டின் ஈரலிப்பு அவசியம். மரநிழல் போனால் மண் காயும். மண் காய்ந்தால் முட்டை அழியும். ஒரே ஒரு மலையில் மட்டும் வாழும் இனமாயின் அந்த மலையின் காட்டை வெட்டுவது அந்த இனத்தையே இவ்வுலகிலிருந்து நீக்குவதாகும்.

4. பெயரிட்டவர்கள்

இலங்கையின் முள்ளந்தண்டுளிகளை முறையாகப் பட்டியலிட்டவர்களில் முன்னோடி எட்வேர்ட் பிரெட்ரிக் கெலார்ட் ஆவார். இலங்கையிற் பிறந்த இவர் பிரித்தானியப் படையில் வைத்தியராகக் கடமையாற்றியவர். 1850களில் இவர் பல இனங்களை விவரித்தார். அதே நூற்றாண்டில் இலண்டனிலிருந்த அல்பேர்ட் குந்தர், இங்கிருந்து அனுப்பப்பட்ட மாதிரிகளைக் கொண்டு மேலும் பல இனங்களுக்குப் பெயரிட்டார். இருபதாம் நூற்றாண்டில் தேசிய அருங்காட்சியகங்களின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல ஊர்வன பற்றிப் பல நூல்களை எழுதினார்.

ஓர் இனத்துக்குப் பெயரிடும்போது மாதிரி ஒன்று அருங்காட்சியகத்தில் பேணப்படும். பிற்காலத்தில் சந்தேகம் எழுந்தால் அந்த மாதிரியுடன் ஒப்பிட்டுத் தீர்க்கலாம். இதனை நினைவில் வையுங்கள். அடுத்து வரும் செய்திகளை விளங்கிக் கொள்ள இது உதவும்.

1990களில் இலங்கை ஆய்வாளர்கள் நாட்டின் காடுகளில் தவளைகளை மீண்டும் விரிவாகத் தேடத் தொடங்கினர். கெலும் மனமேந்திர ஆரச்சி, ரொஹான் பெத்தியாகொட, மாதவ மேகஸ்கும்புர முதலியோர் இதில் முக்கியமானவர்கள். உடலமைப்பு, குரல், டீஎன்ஏ ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது வியப்பான முடிவு கிடைத்தது. ஒரே இனம் என்று கருதப்பட்டவை பல இனங்களாக இருந்தன. 2002 இல் "சயன்ஸ்" என்னும் புகழ்பெற்ற சஞ்சிகையில் இலங்கை ஈரூடகவாழிகளின் செறிவுமிக்க இடம் என்று அறிவிக்கப்பட்டது. 2005 இல் 35 புதிய பற்றைத் தவளை இனங்கள் இரண்டு கட்டுரைகளில் விவரிக்கப்பட்டன. நாம் பெருமைப்படக் கூடிய செய்தி இதுவே.

5. இறந்தபின் பெயர் பெற்றவை

இனி வருந்த வேண்டிய செய்தி. ஆய்வாளர்கள் இலண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய மாதிரிகளையும் எடுத்து ஒப்பிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து கொண்டு செல்லப்பட்ட சில தவளைகள், இன்று காட்டில் உள்ள எந்த இனத்துடனும் பொருந்தவில்லை. அவை தனி இனங்கள். எவ்வளவு தேடியும் அவற்றைக் காட்டில் காண முடியவில்லை. 2007 இல் இவ்வாறான இரண்டு இனங்களுக்குப் பெயரிடப்பட்டது. பெயர் சூட்டிய அதே கட்டுரையிலேயே அவை அற்றுப்போனவை என்றும் எழுத வேண்டியிருந்தது.

சிந்தித்துப் பாருங்கள். அத்தவளையின் குரல் எப்படி இருந்தது, எங்கே முட்டையிட்டது என்று இனி எவராலும் அறிய முடியாது. எஞ்சியிருப்பது போத்தலுக்குள் இருக்கும் உடல் மட்டுமே.

பற்றைத் தவளைகளில் மட்டும் 17 அளவிலான இனங்கள் அற்றுப்போனவையாகக் கருதப்படுகின்றன. 2023 இல் வெளியான உலக மதிப்பீட்டின்படி உலகெங்கும் அற்றுப்போனதாகப் பதிவான ஈரூடகவாழிகள் 37 ஆகும். ஆகவே அரைப்பங்கிற்குக் கிட்டியவை இச்சிறு தீவைச் சேர்ந்தவை. அதே மதிப்பீடு உலகிலுள்ள ஈரூடகவாழி இனங்களில் 41 சதவீதமானவை அழிவாபத்தில் உள்ளன என்றும் கூறுகின்றது.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. கெலார்ட் 1853 இல் விவரித்த நட்சத்திரப் புள்ளிகளுடைய பற்றைத் தவளை ஒன்று அதன்பின் காணப்படாமல் அற்றுப்போனவற்றின் பட்டியலில் சேர்ந்தது. மென்டிஸ் விக்கிரமசிங்கவும் குழுவினரும் 2009 இல் சிவனொளிபாத மலைக்காட்டில் அதனை உயிருடன் கண்டனர். 2013 இல் செய்தி வெளியானது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அந்தத் தவளை நமக்குத் தெரியாமலே வாழ்ந்திருக்கின்றது. காடு எஞ்சியிருந்தபடியால் தவளையும் எஞ்சியிருந்தது.

கண்டிக் குள்ளத் தேரையின் கதை இன்னும் சுவையானது. குந்தர் 1872 இல் பெயரிட்ட இத்தேரையும் அற்றுப்போனதாகக் கருதப்பட்டது. 2009 இல் அதுவும் சிவனொளிபாத மலைக்காட்டில் காணப்பட்டதாக 2012 இல் அறிவிக்கப்பட்டது. உலகின் மிக அரிய தேரை என்று அது பேசப்பட்டது. ஆனால் 2015 இல் வெளியான விரிவான ஆய்வு, 1998 இல் வேறொரு பெயருடன் விவரிக்கப்பட்ட தேரையும் இதுவும் ஒன்றே என்று காட்டியது. அதாவது அது தொலையவேயில்லை. இன்னொரு பெயரில் நம் முன்னே இருந்தது!

இவ்விரு கதைகளும் நமக்குக் கற்பிப்பது என்ன? இனங்காணலில் தவறு ஏற்பட்டால் இருப்பதை இல்லை என்போம். இல்லாததை இருப்பதாக எண்ணிச் சும்மா இருந்துவிடுவோம். இரண்டுமே பாதுகாப்புக்குப் பாதகமானவை.

6. வெளிக்களத்தில் ஆராயும் முறைகள்

(அ) இரவில் தேடல்: தவளைகள் பெரும்பாலும் இரவில் இயங்குபவை. குறித்த நேரத்தில், குறித்த தூரத்தை மின்சூளுடன் நடந்து கண்டவற்றைப் பதிவு செய்வர்.

(ஆ) சதுரப் பகுதி முறை: குறித்த பரப்பளவை அடையாளமிட்டு அதற்குள் உள்ள சருகு, கல், மரக்கட்டை என்பவற்றின் கீழ்த் தேடி எண்ணுவர். பார்த்தபின் கல்லை இருந்தபடியே வைத்தல் கட்டாயமானது.

(இ) குரற் பதிவு: ஆண் தவளையின் குரல் இனத்துக்கு இனம் வேறுபடும். ஒலிப்பதிவைக் கொண்டு தவளையைப் பிடிக்காமலே இனங்காணலாம்.

(ஈ) குழிப்பொறி: நிலத்திற் புதைத்த வாளிகளுக்கு இடையே தாழ்ந்த வேலி அமைப்பர். வேலியோரமாக வரும் விலங்கு வாளிக்குள் விழும். தினமும் பார்த்து விடுவிக்க வேண்டும்.

(உ) அடையாளமிட்டு மீளப்பிடித்தல்: குடித்தொகையை மதிப்பிட உதவும் முறை இது. ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள்.

ஒரு குளத்தில் முதல் இரவு 40 தவளைகள் பிடிக்கப்பட்டு அடையாளமிட்டு விடப்பட்டன. சில நாட்களின் பின் 50 தவளைகள் பிடிக்கப்பட்டன. அவற்றுள் 10 தவளைகளில் அடையாளம் இருந்தது.

குடித்தொகை = (முதலில் அடையாளமிட்டவை × இரண்டாவதாகப் பிடித்தவை) ÷ அடையாளத்துடன் மீளப் பிடிபட்டவை
= (40 × 50) ÷ 10
= 200

இம்முறை சரியாக அமைவதற்கு, இடைப்பட்ட காலத்தில் தவளைகள் வெளியேறவோ புதியவை வந்து சேரவோ கூடாது. அடையாளமும் விலங்கைப் பாதிக்கக் கூடாது. தற்காலத்தில் உடலிலுள்ள இயற்கைக் கோலங்களைப் படம்பிடித்து ஒப்பிடும் வழக்கமும் உண்டு.

மாணவர்களே, இம்முறைகளை அறிந்து கொள்ளுங்கள். ஆயினும் அனுமதியின்றிக் காட்டுயிர்களைப் பிடிப்பது சட்டப்படி குற்றமாகலாம். உங்கள் செயற்றிட்டத்துக்குக் கண்ணும் காதும் குறிப்பேடும் போதுமானவை.

7. அச்சுறுத்தல்கள்

வாழிட இழப்பு: இலங்கையில் முதன்மையான காரணம் இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுக் காடுகள் முதலில் கோப்பிக்காக வெட்டப்பட்டன. 1869 முதல் இலைத்துரு நோய் கோப்பியை அழிக்கத் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காடு துண்டு துண்டாகியது. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குச் சிறுதவளையால் தேயிலைச் சரிவைக் கடந்து செல்ல முடிவதில்லை.

மாசடைதல்: பீடைநாசினிகள், களைநாசினிகள் என்பன நீர்நிலைகளைச் சேர்கின்றன. வாற்பேய்கள் இவற்றால் இறக்கின்றன அல்லது குறைபாடுகளுடன் வளர்கின்றன.

நோய்: கைற்றிட் எனப்படும் பங்கசு ஈரூடகவாழிகளின் தோலைத் தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைக்கின்றது. 2019 இல் வெளியான ஆய்வின்படி உலகெங்கும் 501 இனங்கள் இதனால் குறைவடைந்துள்ளன. அவற்றுள் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. ஓர் இடத்தில் பிடித்த தவளையை வேறிடத்தில் விடுவது நோயைப் பரப்பும் செயலாகும்.

காலநிலை மாற்றம்: மலையுச்சியில் வாழும் இனங்களுக்கு வெப்பம் கூடினால் மேலே செல்ல இடமில்லை. கடலாமை முட்டையின் பால் கூட்டின் வெப்பநிலையில் தங்கியுள்ளது. வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளே மிகுதியாக உருவாகும்.

கடத்தல்: நட்சத்திர ஆமைகளும் அரிய ஓணான்களும் செல்லப்பிராணிகளாக விற்பதற்காக வெளிநாடுகளுக்குக் கடத்தப்படுகின்றன.

நேரடியாகக் கொல்லுதல்: அச்சத்தால் பாம்புகளைக் கொல்லுதல், இறைச்சிக்காகவும் முட்டைக்காகவும் ஆமைகளைப் பிடித்தல், வீதிகளில் வாகனங்களில் அகப்படுதல் என்பன இதிலடங்கும்.

8. பாதுகாப்பு நடவடிக்கைகள்

பாதுகாப்பு இருவகைப்படும். வாழிடத்திலேயே வைத்துக் காத்தல் ஒன்று. வாழிடத்துக்கு வெளியே வைத்துக் காத்தல் மற்றொன்று.

முதலாவது வகைக்குத் தேசிய பூங்காக்கள், ஒதுக்கக்காடுகள் என்பன உதாரணங்கள். சிங்கராஜ வனம் 1988 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. சிவனொளிபாத மலைக்காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகியன அடங்கிய மத்திய மலைநாடு 2010 இல் அத்தகுதியைப் பெற்றது. ஒரே மலையில் மட்டும் வாழும் தவளைக்கு இதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை.

இரண்டாவது வகைக்கு விலங்கினச் சாலைகளில் வளர்த்தல், முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்க வைத்தல் என்பன உதாரணங்கள். எனினும் கடலாமை முட்டைகளை இடம் மாற்றுவதில் கவனம் தேவை. வெப்பநிலை மாறினால் பால் விகிதம் மாறும். குஞ்சுகளை நாட்கணக்கில் தொட்டிகளில் வைத்திருப்பதும் அவற்றுக்கு நன்மையன்று. இயன்றவரை கடற்கரையிலேயே கூட்டைக் காவல் காப்பது மேலானது.

சட்டங்களைப் பொறுத்தவரை, 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் முதன்மையானது. இது பல தடவைகள் திருத்தப்பட்டுள்ளது. 2009 இல் செய்யப்பட்ட திருத்தம் குறிப்பிடத்தக்கது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் இதனை நடைமுறைப்படுத்துகின்றது. அழிவாபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையில் இலங்கை 1979 இல் இணைந்தது. 2019 இல் ஜெனீவாவில் நடைபெற்ற அதன் மாநாட்டில் நட்சத்திர ஆமையும் இலங்கையின் கொம்பு ஓணான்களில் சில இனங்களும் அதன் முதலாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அப்பட்டியலில் உள்ளவற்றைக் காட்டிலிருந்து பிடித்து வர்த்தக நோக்கில் நாடுகளுக்கிடையே விற்க முடியாது.

இங்கும் பெயரின் முக்கியத்துவத்தைக் கவனியுங்கள். சட்டத்தின் பட்டியலில் இனத்தின் பெயர் எழுதப்பட வேண்டும். பெயரில்லாத இனத்தை எந்தச் சட்டத்தால் காக்க முடியும்?

9. பாம்பும் நாமும்

இலங்கையில் ஏறத்தாழ 100 பாம்பினங்கள் உள்ளன. அவற்றுள் நிலத்தில் வாழ்ந்து மனிதருக்கு உயிராபத்து விளைவிப்பவை சிலவே. நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன்கள், சுருட்டை விரியன், கூன்மூக்கு விரியன் என்பன முக்கியமானவை. சாரைப்பாம்பு நஞ்சற்றது. வயலில் எலிகளை உண்டு விவசாயிக்கு உதவுவது. இருந்தும் அதுவே அதிகமாக அடிபட்டுச் சாகின்றது.

பாம்புக்கடியைச் சிறிய விடயமாகக் கூற முடியாது. 2016 இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளானதாகவும், ஏறத்தாழ 30,000 பேருக்கு நஞ்சேறியதாகவும், 464 பேர் இறந்ததாகவும் மதிப்பிட்டது. இரண்டு உண்மைகள் இதிலே உள்ளன. பெரும்பாலான கடிகளில் நஞ்சேறுவதில்லை. நஞ்சேறினாலும் பெரும்பாலானோர் பிழைக்கின்றனர். உயிர் பிழைப்பது விரைவாக வைத்தியசாலையை அடைவதிலேயே தங்கியுள்ளது.

கடியுண்டால் செய்ய வேண்டியவை: கடியுண்டவரை அமைதிப்படுத்துங்கள். மோதிரம், காப்பு என்பவற்றைக் கழற்றுங்கள். கடித்த உறுப்பை அசையாது வைத்து உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். செய்யக் கூடாதவை: காயத்தை வெட்டுதல், வாயால் உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல், பாம்பைப் பிடிக்க முயலுதல்.

இங்கும் ஆய்வின் பயன் தெரிகின்றது. இந்தியாவில் தயாராகி இங்கு பாவிக்கப்படும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிரானது. கூன்மூக்கு விரியனின் நஞ்சுக்கு அது பயன்படாது. கடித்த பாம்பை வைத்தியர் இனங்காண முடிந்தால் சிகிச்சை சரியாக அமையும். பாம்பின் பெயரை அறிவது பாம்பையும் காக்கும், மனிதனையும் காக்கும்.

10. பரீட்சை நோக்கு

மாணவர் அடிக்கடி விடும் தவறுகள்:

• "இவை குளிர்ந்த குருதி உடையவை" என எழுதுதல். வெயில் காயும் ஓணானின் குருதி சூடாகவே இருக்கும். "உடல் வெப்பநிலை சூழலுக்கேற்ப மாறும்" என எழுதுக.
• "எல்லா ஊர்வனவும் முட்டையிடும்" என எழுதுதல். கண்ணாடி விரியன் குட்டி போடும்.
• "சுதேச இனம்", "நாட்டுக்கே உரிய இனம்" இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல். நட்சத்திர ஆமை இலங்கையின் சுதேச இனம். ஆனால் இந்தியாவிலும் வாழ்வதால் இலங்கைக்கே உரியதன்று.

மாதிரி வினா:

(i) ஈரூடகவாழிகள் சூழல் மாசடைதலால் எளிதிற் பாதிக்கப்படுவது ஏன்?
(ii) பற்றைத் தவளைகளில் நேரடி விருத்தி என்பதால் கருதப்படுவது யாது?
(iii) ஈரவலயக் காடழிப்பு இத்தவளைகளைப் பாதிப்பதற்கு இரண்டு காரணங்கள் தருக.
(iv) ஓர் இனத்தைச் சரியாக இனங்காணல் அதன் பாதுகாப்புக்கு அவசியம் என்பதை உதாரணத்துடன் விளக்குக.

விடைக் குறிப்பு:

(i) தோல் மெல்லியது, ஈரமானது, பொருட்களை உட்புகவிடுவது. வாற்பேய்ப் பருவம் நீரிலும் நிறையுடலிப் பருவம் நிலத்திலும் கழிவதால் இரு சூழல்களின் மாசும் தாக்கும்.
(ii) சுயாதீனமான வாற்பேய்ப் பருவம் இன்றி, முட்டையிலிருந்து சிறு தவளை நேரடியாக வெளிவருதல்.
(iii) மண்ணின் ஈரலிப்பு குறைந்து முட்டைகள் உலர்ந்துவிடும். பல இனங்கள் சிறிய பரப்பில் மட்டும் வாழ்வதால் அக்காடு அழிய இனமும் அழியும்.
(iv) கண்டிக் குள்ளத் தேரை வேறு பெயரில் அறியப்பட்டிருந்தமையால் அற்றுப்போனதாகக் கருதப்பட்டது. 2007 இல் பெயரிடப்பட்ட இரு தவளைகள், தனி இனங்கள் என அறியப்படுமுன்னரே அற்றுப்போயின. (ஏதாவது ஒன்றை விளக்கினால் போதுமானது.)

முடிவாக ஒரு வேண்டுகோள். அடுத்த மழை இரவில் பாடப் புத்தகத்தை மூடிவிட்டுப் பத்து நிமிடம் வாசலில் நின்று கேளுங்கள். எத்தனை வகைக் குரல்கள் என்று எண்ணுங்கள். திகதி, நேரம், இடம் என்பவற்றுடன் குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த மழைக்கும் அவ்வாறே செய்யுங்கள். கெலார்ட் காலத்துத் தவளைகளுக்கு அப்படி எழுதி வைக்க எவரும் இருக்கவில்லை. உங்கள் ஊர்த் தவளைகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.